ஒரே சுவாசக் கருவியை இருவர் பகிரலாமா?

2021ஆம் ஆண்டு கோவிட் காலத்தில் நம் நாட்டு மருத்துவமனைகள் எப்படி நிரம்பி வழிந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகஸ்டு 26ஆம் தேதி மட்டும் 24,599 பேருக்குத் தொற்று பதிவானது. அந்த மாதத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு வெண்டிலேட்டரில் இரண்டு குழாய் மாட்டி இரண்டு உயிர்களைக் காப்பாற்றக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

குழாய் மாட்ட முடியும். 2006இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர், ஒரே கருவியில் நான்கு செயற்கை நுரையீரல்களை இணைத்து ஏறக்குறைய 12 மணி நேரம் இயக்கிக் காட்டினார்கள். 2020இல் நியூயார்க்கில், கவனமாகத் தேர்ந்தெடுத்த சில நோயாளிகளுக்கு இருவர் இருவராக இணைத்தும் பார்த்தார்கள். ஆனால் அதே ஆண்டு மார்ச் 26ஆம் தேதி, அமெரிக்காவின் தீவிர சிகிச்சை, மயக்க மருந்து நிபுணர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, "இப்படிப் பகிர வேண்டாம்" என்று அறிவித்தன.

ஏன்? லயத்துப் பொதுப் பைப்பில் இரண்டு ரப்பர் குழாய்களை மாட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நல்ல குழாய், மற்றது பாதி அடைத்தது. தண்ணீர் நல்ல குழாயில்தான் பாயும். நுரையீரலும் அப்படித்தான். நிமோனியாவால் இறுகிப்போன நுரையீரல் காற்றை எளிதில் வாங்காது. மிருதுவான நுரையீரல் அடுத்தவரின் பங்கையும் சேர்த்து வாங்கிவிடும். ஒருவருக்கு மூச்சு போதாது. மற்றவருக்குக் காற்று அளவு மீறி நுரையீரல் புண்ணாகும். காலையில் ஒரே நிலையில் இருந்த இருவர் மாலையில் அப்படி இருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. கருவியின் மணி அடித்தாலும் யாருக்கு ஆபத்து என்று உடனே தெரியாது. ஒருவரின் குழாய் கழன்றால் இருவருக்குமே ஆபத்து.

அதனால் கருவி பற்றாக்குறையான நேரத்தில் மருத்துவர்கள் முதலில் வேறு வழிகளைப் பார்ப்பார்கள். முகமூடி வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ அதிக அளவு ஆக்சிஜன் கொடுப்பார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பார்கள். கருவி உள்ள மருத்துவமனைக்கு மாற்றுவார்கள். ஜெம்போலிலோ தம்பினிலோ சேர்த்த உங்கள் வீட்டுக்காரரைச் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு அனுப்பினால், "கைவிட்டுவிட்டார்கள்" என்று அஞ்ச வேண்டாம். கருவி இருக்கும் இடத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். "மெஷினில் வைத்தால் திரும்பி வரமாட்டார்" என்ற பேச்சும் உண்மையல்ல. அதிலிருந்து மீண்டு வீடு திரும்பியவர்கள் பலர். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். மலாய் சரளமாக வராவிட்டால் பேரப்பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கருவி தேவைப்படும் நிலை வருமுன் மருத்துவமனைக்கு வந்துவிடுவதே நல்லது. கோவிட் போன்ற நோயின்போது விரல் மீட்டரில் ஆக்சிஜன் 95க்குக் கீழே இறங்கினாலோ, நாலு வார்த்தை பேசவே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள். அழைக்கும்போது, நாம் பழகிய தமிழ்ப் பெயரை விட்டு, பெயர்ப்பலகையில் உள்ள தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சொல்லுங்கள். செம்பனைக் காட்டுக்குள் ஆம்புலன்ஸ் வழி தவறாமல் இருக்க, ஒருவரை டார்ச் லைட்டுடன் சாலை முனையில் நிற்கச் செய்யுங்கள்.