கத்தியும் உறையும்: ஓய்வுக்குப் பின் ஒரு பாடம்

"நாப்பது வருஷம் இரும்போட மாரடிச்சீங்களே, தக்காளி நறுக்க ஒரு நல்ல கத்தி உண்டா இந்த வீட்டுல?"

2020-ல் நான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற சில மாதங்களில் என் சகதர்மிணி கேட்ட கேள்வி இது. கேட்டதில் தவறில்லை. கடைக் கத்திகள் வாங்கிய வாரமே மழுங்கிவிடுகின்றன. ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மணையில் குனிந்து உட்கார அவளுக்கு முழங்கால் இடம் தருவதில்லை. நானோ மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். இரும்பும் கரியும் சேரும் வரைபடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். ஒரு கத்தி செய்வதா பெரிய காரியம் என்று இறங்கினேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. நம் சங்க அன்பர்களில் கையால் எதையாவது செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு என் தவறுகள் உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எந்த இரும்பு?

இரும்பெல்லாம் கத்தியாகாது. ஜன்னல் கம்பியும் கட்டடக் கம்பியும் கரி குறைந்தவை. எவ்வளவு காய்ச்சினாலும் கூர் நிற்காது. கரி கூடிய எஃகு வேண்டும். ஆரம்பக்காரருக்குக் கைக்கு எட்டியது பழைய அரம். நல்ல அரத்தில் ஏறக்குறைய 1.2 சதவீதம் கரி உண்டு. மலிவான அரங்களில் மேல்தோல் மட்டுமே கடினமாக இருக்கும், உள்ளே மெது இரும்பு. அவை நமக்கு ஆகா. லாரியின் வில் பட்டையும் நல்ல எஃகுதான். ஆனால் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும்.

"உங்களுக்கென்ன சார், ரயில்வே இரும்பு கிடைக்குமே" என்று நண்பர் ஒருவர் சொன்னார். ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சர்வீஸில் ஒரு போல்ட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதவன், பென்ஷன் வாங்கும் காலத்திலா கொண்டுவருவேன்? லக்னௌவில் பழைய இரும்புக் கடையில் காசு கொடுத்து நான்கு பழைய அரங்கள் வாங்கினேன்.

இன்னொரு சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனதாக இல்லாவிட்டால், ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வரும். நமக்கு அந்த வம்பு வேண்டாம். 4 அங்குல அலகு காய்கறிக்குப் போதும். நான் கத்தி செய்கிறேன் என்றதும் "ராம்பூரியா?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம், "இல்லை, வெண்டைக்காய்க் கத்தி" என்றேன்.

முதல் கத்தியும் இரண்டாம் கத்தியும்

அரம் இருக்கிற கடினத்தில் அதை இன்னோர் அரத்தால் ராவ முடியாது. முதலில் மெதுவாக்க வேண்டும். சிவக்கக் காய்ச்சி, சாம்பல் நிறைந்த டின்னில் புதைத்து, இரவு முழுதும் ஆறவிட வேண்டும். காலையில் எடுத்தால் சாது இரும்பாகியிருக்கும். அப்புறம் ரம்பத்தால் உருவம் வெட்டி, ராவி, பிடிக்கான துளைகளைப் போட்டுவிட வேண்டும். கடினமான பிறகு துளை இறங்காது. அரத்தின் பழைய பற்கள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. ஒவ்வொரு பள்ளமும் ஒரு விரிசலுக்கு அழைப்பு. கூர் விளிம்பை இந்தக் கட்டத்தில் 1 மில்லிமீட்டர் தடிமனாகவே விட வேண்டும். மெலிதாக்கினால் காய்ச்சும்போது வளையும்.

இதுவரை நான் சரியாகவே செய்தேன். ஆனால் நிஜமான வேலை இனிமேல்தான். நம் ஊர்க் கொல்லர்கள் இதைத் தோய்ச்சல் என்பார்கள். இங்கே "பானி சடானா" என்கிறார்கள். சிவந்த எஃகைச் சட்டென்று குளிர்வித்தால், வெளியேற நேரமில்லாத கரி அணுக்கள் இரும்பின் கட்டமைப்புக்குள் சிக்கிக்கொள்கின்றன. இரும்பு கண்ணாடிபோல் கடினமாகிறது. கண்ணாடிபோலவே உடையவும் செய்கிறது. ஆகவே மறுபடி மிதமாகச் சூடாக்கி அந்த விறைப்பைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பாலிடெக்னிக் தேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

முதல் கத்தியைப் பட்டப்பகலில், மொட்டைமாடியில் கரி அடுப்பில் காய்ச்சி, வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். 'டிங்' என்று ஒரு சத்தம். குறுக்கே மயிரிழை போல விரிசல். இரண்டாவதை எண்ணெயில் அமிழ்த்தினேன். விரிசல் இல்லை. மணி எட்டாகிவிட்டது, டி.வி.யில் கிரிக்கெட் வேறு. விறைப்புத் தளர்த்துவதை நாளைக்குப் பார்க்கலாம் என்று அலமாரியில் வைத்தேன். காலையில் எடுக்கும்போது கை தவறிச் சிமெண்ட் தரையில் விழுந்தது. இரண்டு துண்டு.

அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கத்தி போனதற்காக அல்ல.

1991-ல் நடந்தது

அப்போது நான் ஒரு ரயில்வே பட்டறையில் சார்ஜ்மேன். எனக்குக் கீழே கொல்லுலையில் ஒரு மிஸ்திரி. உளிகளை அடித்துத் தோய்ச்சல் வைப்பது அவர் வேலை. உளியின் முனையை மட்டும் நீரில் தோய்த்தெடுத்து, ஒரு கல்லால் தேய்த்து மினுக்கி, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பின்பக்கச் சூடு முனையை நோக்கி வரும்போது நிறங்களும் வரும்: வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம். உளிக்கு ஊதாவும் நீலமும் கூடும் இடத்தில் மறுபடி தோய்த்து நிறுத்துவார். ஒரு நாளைக்கு 20 உளி.

எனக்கு அது சும்மா நிற்பதாகத் தெரிந்தது. 30 வேண்டும் என்றேன். "சாப், நிறம் வரணுமே" என்றார். "நிறத்துக்கா சம்பளம், எண்ணிக்கைக்கா?" என்று கேட்டேன். எழுத்து மூலம் எச்சரிக்கையும் கொடுத்தேன். அவர் 30 கொடுக்க ஆரம்பித்தார். மூன்றாம் வாரம், ஒரு உளியின் முனை தெறித்து ஃபிட்டர் ஒருவரின் கன்னத்தைக் கிழித்தது. இன்னும் ஓரங்குலம் மேலே என்றால் கண். விசாரணையில் நான் தந்த அறிக்கையில் 'கொல்லரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். அவருக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உடைந்த என் கத்தியைப் பார்த்தபோதுதான் அந்த உளி ஏன் உடைந்தது என்று புரிந்தது. வரைபடம் தெரிந்த எனக்கு, அந்த வரைபடத்தில் நேரம் என்று ஒன்று உண்டு என்பது 30 வருஷம் தெரியாமலிருந்தது.

மிஸ்திரியின் வீட்டில்

அவர் ஓய்வு பெற்று ஊரின் மறுகோடியில் மகனோடு இருந்தார். தேடிப் போனேன். துண்டுகளைக் காட்டி, 1991-ஐயும் சொல்லி, "தப்பு என்னுடையது, மிஸ்திரிஜி" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துவிட்டது.

அவர் துண்டின் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சர்க்கரை போலப் பெரிய பெரிய மணிகள். "ரொம்பக் காய்ச்சிட்டீங்க சாப். அடுப்பை எங்கே வெச்சீங்க, வெயில்லயா?" என்றார். ஆமாம் என்றேன். "வெயில்ல சிவப்பு எப்படித் தெரியும்? இருட்டினப்புறம் காய்ச்சணும்."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மறந்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அந்தி நேரத்தில் பேரனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அவர் முன்னிலையில் செய்த முறை இது. நெருப்புச் செங்கற்களை அடுக்கிக் கரி அடுப்பு. காற்றுக்கு ஒரு பழைய ஹேர் டிரையர். கத்தியை அசைத்து அசைத்து ஒரே சீராகச் சிவக்கவிட வேண்டும். அவ்வப்போது ஒரு காந்தத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதற்குமேல் சற்றே சூடாக்கினால் போதும். மிஸ்திரிக்குக் காந்தம் வேண்டியிருக்கவில்லை. அவர் "இப்போ" என்ற கணத்தில் நான் காந்தத்தை வைத்தேன்; ஒட்டவில்லை.

பிறகு, வெதுவெதுப்பாகச் சூடாக்கிய கடுகெண்ணெயில் முனை முதலில், நேராக, பக்கவாட்டில் ஆட்டாமல் இறக்க வேண்டும். தீப்பிடிக்கும், பயப்படக் கூடாது. எண்ணெய் இரும்புப் பாத்திரத்தில் இருக்கட்டும். மூடியும் மணல் வாளியும் பக்கத்தில் இருக்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. பழைய எஞ்சின் ஆயிலும் வேண்டாம், அதன் புகை கெடுதல். கண்ணாடி, பருத்திச் சட்டை, மூடிய செருப்பு அவசியம். குழந்தைகள் ஐந்தடி தள்ளியே நிற்க வேண்டும்.

ஆறியதும் ஒரு நல்ல அரத்தை விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். பிடிக்காமல் வழுக்கினால் கடினமாகிவிட்டது. அன்றிரவே, தள்ளிப்போடாமல், கேக் செய்யும் ஓ.டி.ஜி. அடுப்பில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம்; ஆறவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். மினுக்கிய இடத்தில் இளம் வைக்கோல் நிறம் வந்திருக்கும். கிரிக்கெட்டை அன்று நான் பார்க்கவில்லை.

பிடிக்கு ஷீஷம் பலகை இரண்டு, அரால்டைட், இரண்டு பித்தளை ஆணிகள். ஷீஷம் தூள் மூச்சுக்கு ஆகாது. மூக்கை மூடிக்கொண்டு தேய்க்க வேண்டும். கடைசியில் சாணைக்கல்லில், பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி சாய்வில் தீட்டினேன். தக்காளி தன் கனத்தாலேயே நறுக்குண்டது என்று சொன்னால் மிகை, ஆனால் நசுங்கவில்லை.

உறை

கூரான கத்தியை அலமாரியில் வெறுமனே வைக்க முடியுமா? உறைக்குத் தோல் தேடிக் கான்பூர் போனேன். குதிரைச் சேணத்துக்குப் பேர்போன ஊர். அங்கே கற்றது: தோல் இரண்டு வகை. குரோம் உப்பில் பதனிட்டது மெத்தென்றிருக்கும், செருப்புக்கும் பைக்கும் நல்லது. உறைக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட 3 மில்லிமீட்டர் தோல். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவார்களே, அந்த ரகம். இதை நனைத்தால் களிமண் போல வளையும்; காய்ந்தால் அந்த உருவத்திலேயே நிற்கும்.

நனைந்த தோலைக் கத்திமேல் அழுத்தி உருவம் எடுக்கும்போது கத்தியைப் பாலிதீன் தாளில் சுற்றிக்கொள்ளுங்கள். நான் சுற்றவில்லை. தோலெல்லாம் கறுப்புக் கறை. பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் கடுக்காய் மை காய்ச்சியது இப்படித்தான்.

தையல் சேணத் தையல்: ஒரே மெழுகு நூல், இரு முனையிலும் ஊசி, 4 அல்லது 5 மில்லிமீட்டருக்கு ஒரு துளை, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் புக வேண்டும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். துளைகளை முதலிலேயே குத்தூசியால் குத்திக்கொள்ளுங்கள்.

நான் பெருமையோடு உறையைக் கையில் இறுகப் பிடித்துக் கத்தியை உருவி மிஸ்திரிக்குக் காட்டினேன். கூர் விளிம்பு தையலை அறுத்துக்கொண்டு வெளியே வந்து என் உள்ளங்கையைக் கீறியது. கத்தி நன்றாக வந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இரண்டு தோலுக்கும் நடுவே, தையல் ஓரமாக, மூன்றாவதாக ஒரு தோல் பட்டி வைக்க வேண்டும். அப்போது கூர் அந்தப் பட்டியில்தான் படும்; நூலில் படாது. பார்த்தால் வெளியே தெரியாத ஒரு பட்டி. அதை விட்டால் உறையே இல்லை. இன்னொன்று, உறை எடுத்துப்போவதற்குத்தான். மாதக்கணக்கில் கத்தியை உள்ளே வைத்திருந்தால் தோலின் ஈரம் துருப்பிடிக்க வைக்கும். நறுக்கியதும் கழுவித் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி வையுங்கள்.

முடிவாக

இதுவரை ஏழு கத்திகள் செய்திருக்கிறேன். இரண்டு உடைந்தன, ஒன்று வளைந்தது. நன்றாக வந்த முதல் கத்தி எங்கள் சமையலறையில் இருக்கிறது. அடுத்து நன்றாக வந்ததை, நடுப்பட்டி வைத்துத் தைத்த உறையோடு மிஸ்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உறையிலிருந்து உருவி, கட்டைவிரல் நகத்தில் கூரை வைத்துப் பார்த்து, "பாஸ்" என்றார். ஆய்வாளனாக நான் எத்தனையோ சாமான்களின் மேல் போட்ட முத்திரை அது. எனக்கு அது கிடைத்தது அன்றுதான்.

அந்த ஓராண்டு ஊதிய உயர்வை நான் திருப்பித் தர வழியில்லை. அது கடனாகவே இருக்கும்.

பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிப் பயனில்லை. ஒரு பழைய அரத்தையும் ஓர் அந்தி நேரத்தையும் கொடுத்துப் பாருங்கள். சங்கத்து இளைஞர்கள், பெண் பிள்ளைகளும்தான், பதினாறு வயது நிரம்பியவர்கள், பெற்றோர் சம்மதத்தோடு சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வரலாம். மிஸ்திரியும் இருப்பார். பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். இருட்டும்வரை காத்திருக்கத் தயாராக வாருங்கள்.