பாலக்லாவா வீரர் காட்ஃபிரே மோர்கன்

ஆங்கிலக் கவிஞர் டென்னிசன், இலகு குதிரைப்படையின் பாய்ச்சலைப் பாடிய கவிதையை நம் மாணவர் பலர் பாடமாகப் பயின்றிருப்பர். இன்று வழங்கும் வடிவில் அதில் வீரர் எவர் பெயரும் இல்லை. அன்று பிழைத்து மீண்ட ஒருவரின் வாழ்வை இங்குக் காண்போம்.

காட்ஃபிரே மோர்கன், 1831 ஏப்ரல் 28இல் வேல்ஸ் நாட்டு ரூபெர்ரா மாளிகையில் பிறந்தார். ட்ரெடிகர் மோர்கன்கள் பரம்பரைப் பெருநிலக்கிழார்கள். ஈட்டன் பள்ளியில் பயின்ற இவர், 17ஆம் ஈட்டிப்படையில் கேப்டன் ஆனார்.

கிரைமியாப் போரில் பிரிட்டன், உதுமானிய சுல்தானின் பக்கம் நின்று ரஷ்யாவை எதிர்த்தது. 1854 அக்டோபர் 25 காலை, துருக்கி வீரர் காத்த அரண்கள் ரஷ்யர் வசமாயின. (ஒரு மணி நேரத்திற்கும் மேலாகப் போரிட்ட பின்னரே அவர்கள் பின்வாங்கினர். ஆயினும் கோழைகள் என்ற பழியே அவர்களுக்குக் கிட்டியது.) அங்கிருந்த பீரங்கிகளைப் பகைவர் கொண்டுசெல்லாமல் தடுக்கத் தலைமைத் தளபதி ராக்லன் ஆணையிட்டார். எந்தப் பீரங்கிகள் என்பது ஆணையில் தெளிவாக இல்லை. ஏறத்தாழ 670 குதிரைவீரர், மும்முனையிலும் பீரங்கிகள் முழங்கிய பள்ளத்தாக்கினுள் பாய்ந்தனர். நூற்றுவருக்கு மேல் மாண்டனர். மோர்கனுக்கு அப்போது வயது 23.

அவரைச் சுமந்து மீண்ட குதிரையின் பெயர் சர் பிரிக்ஸ். 1874இல் அது இறந்தபோது, ட்ரெடிகர் மாளிகைத் தோட்டத்தில் அடக்கம் செய்து நினைவுத்தூண் நாட்டினர். புறநானூற்றில் குதிரை மறம் என்னும் துறையில் எருமை வெளியனார் பாடிய பாடலில், எல்லார் குதிரையும் மீள, ஒருத்தியின் கணவன் ஏறிச்சென்ற குதிரை மட்டும் வரவில்லை. சர் பிரிக்ஸின் தூணைப் பற்றிப் படிக்குந்தோறும் எனக்கு அவள் நினைவே எழுகிறது.

1858 முதல் 1875 வரை மோர்கன், பிரெக்னாக்‌ஷயர் தொகுதியின் பழைமைக் கட்சி உறுப்பினராக மக்களவையில் இருந்தார். தந்தை மறைந்ததும் பிரபுக்கள் அவைக்குச் சென்றார். இவ்வரசியலுக்கு வேர் நிலமே. சுமார் 40,000 ஏக்கர். அதன் அடியில் நிலக்கரி. ட்ரெடிகர் பூங்காவின் ஊடே ஒரு மைல் தூரம் சென்ற இருப்புப் பாதையில், நியூபோர்ட் துறைமுகத்திற்குச் சென்ற நிலக்கரிக்கு இக்குடும்பம் முன்னோர் காலந்தொட்டே சுங்கம் பெற்றது. ‘பொன் மைல்’ என மக்கள் அதனை அழைத்தனர்.

நியூபோர்ட் நகரில் மருத்துவமனைக்கும் 1894இல் திறக்கப்பட்ட பெல் வியூ பூங்காவிற்கும் நிலம் ஈந்தவர் இவரே. வள்ளல் எனப் புகழ்ந்தது பொய்யன்று. எனினும் கொடையை எழுதுவோர், கொடுத்த கைக்குப் பொருள் வந்த வழியையும் எழுதுதல் வேண்டும். சுரங்கத் தொழிலாளர் வியர்வை அவ்வழியில் உண்டு.

1905இல் வைகவுண்ட் பட்டம் பெற்ற மோர்கன், மணம் புரியாமலே வாழ்ந்து 1913 மார்ச் 11இல் மறைந்தார். அதற்கு முன்பே, பாய்ச்சலின் 55ஆம் ஆண்டு நாளான 1909 அக்டோபர் 25இல், கார்டிஃப் நகரில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 78. சிலையிலோ அவர், சர் பிரிக்ஸின் மீதமர்ந்த இளம் கேப்டன்.