வீட்டுச் சாமான்களுக்கு ஏற்ற மரம் எது?

மகளின் திருமணத்திற்குக் கட்டிலும் பீரோவும் செய்யவேண்டும் என்றதும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? வரப்பில் நிற்கும் வேம்பையோ வாகையையோ கண்மதிப்பில் வியாபாரிக்கு விற்றுவிடுகிறோம். அந்தப் பணத்தோடு கடனையும் சேர்த்து, 'தேக்கு' என்று சொல்லப்படும் சாமான்களைக் கடையில் வாங்கி வருகிறோம். விற்ற மரம் வாங்கிய மரத்தைவிட உயர்ந்ததாக இருப்பதும் உண்டு. மரத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொண்டால் இந்த நட்டத்தைத் தவிர்க்கலாம்.

வைரமும் வெளிறும்

முதலில் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் கருத்தோ சிவந்தோ இருப்பது வைரம். அதைச் சுற்றி வெளுத்திருப்பது வெளிறு. மாவுச்சத்து தங்குவது வெளிற்றில்தான். கட்டையை உளுக்கச் செய்யும் வண்டு அதைத் தேடியே வருகிறது. எந்த மரத்தின் வெளிறும் நீடித்து உழைக்காது. தேக்கும் இதற்கு விலக்கல்ல. தேக்கைக் கறையான் தொடாது என்பது முதிர்ந்த மரத்தின் வைரத்திற்கே பொருந்தும். பத்துப் பன்னிரண்டு வயதில் வெட்டிய வாய்க்கால் கரைத் தேக்கில் வெளிறு மிகுதியாக இருக்கும். அதற்குத் தேக்கின் விலையைக் கொடுப்பதைவிட, நன்கு முதிர்ந்த வேம்பையோ பூவரசையோ பயன்படுத்துவது மேல்.

எதற்கு எந்த மரம்?

கட்டில் கால், சட்டம், நாற்காலி ஆகியவற்றுக்கு வேம்பு, வாகை, பூவரசு மூன்றும் ஏற்றவை. வேம்பின் இழை பின்னியிருப்பதால் இழைப்புளிக்குச் சற்று முரண்டு பிடிக்கும். ஆனால் பூச்சி எளிதில் தொடாது. அலமாரித் தட்டுக்கும் தானியப் பத்தாயத்திற்கும் இதுவே நல்லது. வாகையின் வைரம் கரும்பழுப்பாக, மெருகிட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும். அறுக்கும்போது அதன் தூள் தும்மலை உண்டாக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்வது நலம். பலாவின் மஞ்சள் வைரம் நாள் செல்லச் செல்லக் கருத்து, மெருகேறும். காய்ப்பு ஓய்ந்த பலாவை விறகுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

மா மலிவு. ஆனால் உளுக்கும், கறையானும் பிடிக்கும். மருந்தில் ஊறவைத்த பிறகே பயன்படுத்தவேண்டும். புளி உலக்கைக்கும் செக்கிற்கும் உரியது, பலகைக்கு ஆகாது. தைலமரம் காயும்போது வெடித்து முறுக்கிக்கொள்ளும். முருங்கையும் இலவும் சாமானுக்கு உதவா. நாம் வெறுக்கும் சீமைக்கருவேலின் வைரமோ காய்ந்தபின் அதிகம் சுருங்குவதில்லை. பெரிய பலகை கிடைக்காதே தவிர, முக்காலிக் கால்களுக்கும் கருவிப் பிடிகளுக்கும் நன்றாக உழைக்கும்.

காயவைத்தல்

மரத்தேர்வைவிட இதில்தான் தவறு அதிகம் நேர்கிறது. இதை எழுதுபவரின் வீட்டிலேயே, வெட்டி ஒரு மாதம்கூட ஆகாத வேம்பில் அவசரப்பட்டு ஓர் அலமாரி செய்தோம். ஐப்பசியில் கச்சிதமாகப் பொருந்திய கதவில் சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. மரத்தில் குற்றமில்லை, பொறுக்காத எங்கள்மீதே குற்றம்.

பச்சை மரத்தில் நீர் மிகுதி. அது வற்றும்போது பலகை அகலத்தில் சுருங்கும். நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. எனவே வெட்டியவுடன் பலகைகளாக அறுத்து, நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே ஒரே பருமனுள்ள குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாக வையுங்கள். குச்சிகள் மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கவேண்டும். இல்லையேல் பலகை வளையும். முனைகளில் பெயிண்டோ தாரோ பூசினால் வெடிப்பு குறையும். வெயிலில் காயவைத்தால் விரைவில் காயும் என்று எண்ணாதீர்கள்; பிளந்துவிடும். ஒரு அங்குலப் பலகைக்கு மூன்று நான்கு மாதங்களாவது வேண்டும். காய்ந்ததா என்று அறிய ஒரு பலகையை வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

வெளிறு கலந்த பலகையானால், பச்சையாக இருக்கும்போதே மருந்தில் ஊறவைக்கலாம். நூறு லிட்டர் நீருக்கு 3 கிலோ வெண்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் போதும். மழையில் நனையும் இடத்தில் இம்மருந்து கரைந்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு ஏற்றது. தானியப் பெட்டிக்கு மட்டும் இதைப் பயன்படுத்தவேண்டாம். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பர். பிறையைப் பார்ப்பதைவிட, வெட்டிய மரத்தைப் பட்டையோடு தோட்டத்தில் கிடக்கவிடாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

விற்கும்போதும் வாங்கும்போதும்

மரத்தை விற்பதானால் கண்மதிப்பில் கொடுக்காதீர்கள். நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, வந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, பின் நீளத்தால் பெருக்குவது வழக்கம். சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடியானால் 10 கன அடி. அக்கட்டையின் உண்மையான அளவு 12½ கன அடிக்கு மேல். அதாவது இந்தக் கணக்கிலேயே வியாபாரிக்குக் கழிவு சேர்ந்துவிடுகிறது. பட்டையோடு அளந்தால் பட்டைக்குக் கழிவு கேட்பது நியாயம். அதற்கு மேல் இடம் கொடுக்கவேண்டாம். தேக்கு, ஈட்டி, சந்தனம் ஆகியவற்றை வெட்டுமுன் வன அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிவது அவசியம்.

செய்த சாமானை வாங்கினால், மெருகு பூசிய முகத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். இழுப்பறையை வெளியே எடுத்து அதன் அடிப்புறத்தையும், கட்டில் சட்டத்தின் உட்புறத்தையும் பாருங்கள். நகத்தால் கீறினால் சாயத்துக்கு அடியில் வெளிறு தெரியும். ஊசித்துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். நல்ல சாமானுக்கும் பரவும்.