உண்ணும் முன் ஒரு கணக்கு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பெரியோர் வாக்கு. ஆனால் அந்த அளவை அறிவது எப்படி? அரிசியைப் படியால் அளக்கிறோம். பூவை முழத்தால் அளக்கிறோம். உணவிலுள்ள சத்தை அளக்கவும் ஓர் அளவுகோல் உண்டு. இன்று அது கைப்பேசிக்குள் செயலியாகவே வந்துவிட்டது. அதைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்று இக்கட்டுரையில் காண்போம்.

மயிலுக்கும் முருகன் கோயிலுக்கும் பெயர்பெற்ற நமது விராலிமலை, திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். பரோட்டா, ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ், பாக்கெட் சிப்ஸ் போன்ற துரித உணவுகளுக்கு இங்கும் பஞ்சமில்லை. அவற்றை உண்ணும் நாம் அவற்றில் என்ன உள்ளது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

குன்னூரில் தொடங்கிய பணி

இந்த அளவுகோலின் வரலாறு நம் தமிழ்நாட்டில்தான் தொடங்குகிறது. 1918ஆம் ஆண்டில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அந்த ஆய்வு வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாயிற்று. அதன் இயக்குநராக இருந்த அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். 1958இல் ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்கு மாறியது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் அவருடன் பணியாற்றியோரும் 1971இல் அட்டவணையை விரிவாக்கினர். 2017இல் வந்த புதிய அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் உள்ளன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று இன்று அழைக்கப்படும் அந்நிறுவனமே, 2019இல் ‘நியூட்ரிஃபை இந்தியா நவ்’ என்ற கைப்பேசிச் செயலியையும் வெளியிட்டது.

செயலி கணக்கிடும் முறை

செயலிக்குக் கண் இல்லை. நம் தட்டில் இருப்பதை அது காண்பதில்லை. அட்டவணையில் ஒவ்வொரு பொருளுக்கும் 100 கிராமுக்கு இவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கும். நாம் கூறும் எடையைக் கொண்டு அது பெருக்கித் தருகிறது. 1 கிராம் மாவுச்சத்து 4 கலோரியும், 1 கிராம் புரதம் 4 கலோரியும், 1 கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும். இதுவே அடிப்படை.

ஒரு பரோட்டாவுக்கு 60 கிராம் மைதாவும் 10 கிராம் எண்ணெயும் செலவாவதாக வைத்துக்கொள்வோம். 100 கிராம் மைதாவில் 352 கலோரி. ஆகவே 60 கிராமில் 211. எண்ணெயில் 90. மொத்தம் 301 கலோரி. இரண்டு பரோட்டா என்றால் 602. சால்னா இதில் சேரவில்லை. கடைக்காரர் பரோட்டாவுக்கு இன்னும் 10 கிராம் எண்ணெய் ஊற்றினால் ஒவ்வொன்றுக்கும் 90 கலோரி கூடும். ஆகையால், ‘பரோட்டா’ என்று தேடி வரும் எண், நாம் வாங்கும் கடையின் பரோட்டாவுக்கு அப்படியே பொருந்தாது.

பாக்கெட் உணவிலும் கவனம் தேவை. உறையில் 100 கிராமுக்கு 500 கலோரி என்று இருந்து, பாக்கெட் 60 கிராம் எடையுள்ளதானால், முழுவதும் உண்டவருக்குக் கிடைப்பது 300 கலோரி.

10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள், ஒவ்வொரு உணவின் கலோரி அளவையும் விலைப்பட்டியலில் காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரே இடத்தில் நடக்கும் சிறு கடைகளை இவ்விதி கட்டுப்படுத்தாது. அங்கே நாம்தான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கலோரி மட்டும் போதுமா?

தோழியரே, இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். மைதாவைப் போலவே 100 கிராம் கம்பிலும் ஏறக்குறைய 350 கலோரிதான். கலோரியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் இரும்புச்சத்து என்ற வரியைப் பாருங்கள்: மைதாவில் 2 மில்லிகிராமுக்கும் குறைவு, கம்பில் 6 மில்லிகிராமுக்கும் அதிகம்!

நம் வயதுப் பெண்களுக்கு இது சிறிய செய்தியன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. படிக்கும்போது களைப்பு, படியேறினால் மூச்சிரைப்பு, பாடத்தில் கவனமின்மை ஆகியன அதன் அறிகுறிகள். 13 முதல் 15 வயதுவரையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்தும் ஏறத்தாழ 2,400 கலோரியும் தேவை என்று ஊட்டச்சத்து வல்லுநர்கள் 2020இல் பரிந்துரைத்தனர். உணவகப் பலகையில் காணும் 2,000 கலோரி என்பது வளர்ந்தவர்களுக்கான பொது அளவு. வளரும் நமக்கு அது அளவன்று. மெலிய வேண்டும் என்று அந்த எண்ணைப் பார்த்துக் காலை உணவைத் தவிர்ப்பவர்கள், கலோரியுடன் இரும்புச்சத்தையும் இழக்கிறார்கள்.

ஆகவே செயலியைத் திறக்கும்போது மூன்றை நினைவில் கொள்வோம். முதலாவது, காட்டும் எண் 100 கிராமுக்கா, நாம் உண்ணும் அளவுக்கா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, எண்ணெயைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, கலோரிக்குக் கீழே உள்ள இரும்பு, புரதம், சுண்ணாம்புச்சத்து வரிகளையும் படிக்க வேண்டும். உணவுடன் நெல்லி, கொய்யா, எலுமிச்சை சேர்த்தால் தானியத்திலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவுடன் தேநீர் அருந்தினால் அது குறையும்.

பரோட்டாவை வெறுக்க வேண்டியதில்லை. என்றோ ஒரு நாள் மகிழ்ச்சியாக உண்போம். அன்றாடம் நம் தட்டில் கம்பும் கீரையும் பயறும் இடம்பெறுமாறு பார்த்துக்கொள்வோம். கணக்கறிந்து உண்போம், நலமுடன் கற்போம்!