கணிப்பொறியின் நாற்றங்கால்

விசையை அழுத்தியதும் கணிப்பொறி விழித்துக்கொள்கிறது. அந்தச் சில வினாடிகளில் உள்ளே நடப்பது என்ன? யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் இயக்கத் தொகுதியைக் கொண்டு இதனைச் சுருக்கமாக ஆராய்வோம்.

இது நமக்குத் தொலைவான பொருள் அன்று. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' தொகுதி 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் இடம்பெற்றது. 'துவங்கவில்லை' என்று மூலையில் போடப்படும் பொறிகளுள் சில உண்மையில் பழுதற்றவை. துவக்கக் கோப்பொன்று சீர்கெட்டதே குறை. அதைத் திருத்தத் தெரிந்தால் பொறி பிழைக்கும்.

பத்தாயமும் சாவியும்

இயக்கத் தொகுதியின் உயிர்நாடி 'கெர்னல்'. அது வன்தட்டைத் திறந்து படிக்க, அத்தட்டுக்குரிய இயக்கி நிரல் வேண்டும். அந்நிரலோ வன்தட்டிலேயே இருக்கிறது! பத்தாயத்தின் சாவியைப் பத்தாயத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். எல்லா இயக்கிகளையும் கெர்னலோடு பிணைத்துவிடலாமே எனில், அதன் பருமன் வீணே பெருகும். மேலும், மறையாக்கம் செய்த தட்டுக்குக் கடவுச்சொல் கேட்டுப் பெறும் வேலையைக் கெர்னல் தானே செய்வதில்லை.

இதற்குத் தீர்வாக அமைந்ததே 'இனிட்ராம்எப்எஸ்'. தேவையான இயக்கிகளும் சிறு கருவிகளும் 'சிபிஐஓ' என்னும் முறையில் ஒரே பொதியாகக் கட்டப்பட்டுச் சுருக்கப்படுகின்றன. துவக்க நிரலாகிய 'கிரப்', கெர்னலையும் இப்பொதியையும் நினைவகத்தில் சேர்க்கிறது. கெர்னல் பொதியை விரித்து, அதிலுள்ள 'இனிட்' நிரலை இயக்குகிறது. அது உண்மையான தட்டைக் கண்டு திறந்து, ஆட்சியை அங்கே மாற்றிவிட்டு, தன் இடத்தைக் காலிசெய்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என இருபூ விளையும் நாஞ்சில் நாட்டார்க்கு இது எளிதில் விளங்கும்: நாற்றங்காலில் முளைத்து வயலுக்குப் பெயரும் நாற்றுப் போன்றது இது.

திருத்தும் முறை

டெபியன் வழித் தொகுதிகளில் இப்பொதி, 'பூட்' என்னும் கோப்பகத்தில் கெர்னலின் பதிப்பெண்ணோடு இருக்கும். 'எல்எஸ்-இனிட்ராம்எப்எஸ்' கட்டளை அதன் உள்ளடக்கத்தைப் பட்டியலிடும். 'அன்எம்கே-இனிட்ராம்எப்எஸ்' அதை விரித்துக் காட்டும். விரித்த பொதியைக் கையால் திருத்திக் கட்டுவதும் இயலும். ஆயினும் அடுத்த முறை பொதி புதிதாகக் கட்டப்படும்போது அத்திருத்தம் மறைந்துவிடும். நிலைத்த மாற்றம் வேண்டுவோர், 'இடிசி' கோப்பகத்திலுள்ள 'இனிட்ராம்எப்எஸ்-டூல்ஸ்' பகுதியில், 'மாட்யூல்ஸ்' என்னும் கோப்பில் இயக்கியின் பெயரை எழுதி, 'அப்டேட்-இனிட்ராம்எப்எஸ்' கட்டளையை இட வேண்டும்.

அங்கேயுள்ள அமைப்புக் கோப்பில் 'மோஸ்ட்', 'டெப்' போன்ற தேர்வுகள் உண்டு. முன்னது பலவகைப் பொறிகளுக்கும் உரிய இயக்கிகளைச் சேர்க்கும். பின்னது இந்தப் பொறிக்கு வேண்டியவற்றை மட்டும் சேர்க்கும்; பொதி சிறிதாகும். ஆனால் அதே வன்தட்டை வேறொரு பொறியில் மாட்டினால் தட்டு அகப்படாமல், 'இனிட்ராம்எப்எஸ்' என்ற சொல் மட்டும் திரையில் நிற்கக்கூடும். சிக்கனம் எப்போதும் சிறப்பன்று.

காப்பும் மீட்பும்

திருத்துமுன் பழைய பொதியை வேறு பெயரில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. புதியது தவறினால், கிரப் பட்டியலில் பொதியின் பெயரை மாற்றிப் பழையதைக் கொண்டு துவக்கலாம். அதுவும் இல்லையெனில், பென்டிரைவிலுள்ள லினக்ஸைக் கொண்டு துவக்கி, வன்தட்டை இணைத்து, 'சிஎச்ரூட்' கட்டளையால் அதனுள் நுழைந்து, பொதியை மீண்டும் கட்டலாம். பாடங்களும் படங்களும் இருந்தபடியே இருக்கும். எதையும் அழிக்க வேண்டுவதில்லை.

முடிவுரை

கணிப்பொறியை இயக்கக் கற்பதோடு, அது இயங்கத் தொடங்கும் முறையையும் கற்போமாக. லினக்ஸில் எதுவும் மூடிவைக்கப்படவில்லை. துறை எதுவாயினும், மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் அப்பொதியை விரித்துப் பார்த்தல் நலம். அடுத்த முறை ஒரு பொறி விழிக்க மறுத்தால், அதை எடைக்குப் போடுமுன் நாற்றங்காலை ஒருகணம் நோக்குவோம்.