பாட்டுக்கு உடையவர்: பாபநாசம் சிவன்

முன்னுரை

மாணவிகளே! நம் உடையார்பாளையத்துக்கும் இசைக்கும் பழைய உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர் ஜமீனின் ஆதரவில் வாழ்ந்த கனம் கிருஷ்ணையர் தமிழில் பல பதங்களை இயற்றினார். அவர் வரலாற்றை டாக்டர் உ. வே. சாமிநாதையர் தனி நூலாகவே எழுதியுள்ளார். அன்று புலவரைக் காத்தது அரண்மனை. அடுத்த நூற்றாண்டில் அந்த இடத்துக்குத் தரை டிக்கெட் வாங்கிய பொதுமக்கள் வந்தனர். அம்மக்களுக்காகப் பாட்டெழுதி மெட்டும் அமைத்தவர்களுள் முதன்மையானவர் பாபநாசம் சிவன்.

இளமை

அன்றைய தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் 1890-ஆம் ஆண்டு பிறந்தார். இயற்பெயர் ராமய்யா. ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாய் தம் மக்களுடன் திருவனந்தபுரம் சென்றார். அங்கே அவர் வடமொழி இலக்கணம் கற்றுத் தேர்ந்தார். 1910-இல் தாயும் மறையவே, பஜனை பாடிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார். பாபநாசத்தில் அண்ணன் வீட்டில் தங்கியதால் ஊர்ப்பெயர் சேர்ந்தது. திருநீறு பூசிய கோலத்தைக் கண்டோர் ‘சிவன்’ என்று அழைக்க, அதுவே நிலைத்தது.

திரையுலகில்

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது. அக்காலத்தில் பின்னணிப் பாடகர் இல்லை. நடிப்பவரே பாட வேண்டும். ஆகவே, பாட்டெழுதுபவர் கதைக்குப் பொருந்துமாறு எழுதினால் மட்டும் போதாது. நடிகரின் குரல் எட்டும் தூரத்தையும் அறிந்திருக்க வேண்டும். ‘சீதா கல்யாணம்’ படத்தின் வழியாகத் திரைக்கு வந்த சிவனுக்குச் சொல்லும் ராகமும் ஒருங்கே வாய்த்திருந்தன. சபைகளில் மட்டும் ஒலித்த ராகங்கள், எளிய தமிழ்ச் சொற்களுடன் வயல்வெளிக்கும் வந்து சேர்ந்தன.

அவர் நடிக்கவும் செய்தார். கல்கியின் கதையான ‘தியாக பூமி’யில் (1939) சம்பு சாஸ்திரியாகத் தோன்றினார். விடுதலை உணர்வை ஊட்டிய அப்படத்தை ஆங்கில அரசு தடை செய்தது. ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ படங்களுக்கும் அவர் பாடல் எழுதினார். எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் வெற்றியில் சிவனின் பாடல்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

முடிவுரை

1971-இல் ‘சங்கீத கலாநிதி’ விருதும், 1972-இல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 1973 அக்டோபர் முதல் நாள் மறைந்தார்.

இன்றும் அப்பாடல்களைக் கேட்பவர்கள் “பாகவதர் பாட்டு” என்றே சொல்கிறார்கள். பாடியவர் பெயர் நிற்கிறது. எழுதியவர் பெயர் நழுவிவிடுகிறது. நெல்லை உண்கிறோம், நட்ட கையை நினைக்கிறோமா? இனி ஒரு பாட்டு உங்கள் மனத்தைத் தொட்டால், “இதை எழுதியவர் யார்?” என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்தப் பெயரைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அதுவே பாட்டுக்கு உடையவருக்கு நாம் செலுத்தும் நன்றி.