விளையாட்டுக்குள் ஒரு கடை: நியாய விலை எது?



சென்ற மாதம் பூசை முடிந்தபின் ஒரு தாயார் கண்ணீரோடு வந்து நின்றார். அவருடைய மகனுக்கு வயது 12. கைப்பேசியில் பலர் கூடி ஆடும் விளையாட்டில் தன் பொம்மை வீரனுக்கு உடுப்பு வாங்குவதற்காக, பள்ளிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணத்தில் 4,000 ரூபாயைச் சிறுகச் சிறுகச் செலவழித்துவிட்டான். "என் பிள்ளை திருடனாகிவிட்டானே, சாமி!" என்றார். கேளாமல் எடுத்தது குற்றமே. ஆனால் அந்த வியாபாரத்தில் குற்றவாளி அவன் ஒருவன்தானா? இவ்வாரம் அதை ஆராய்வோம்.

கேள்வி: கையால் தொடமுடியாத உடுப்புக்கு விலை கேட்பதே அநியாயமல்லவா?

விடை: அன்று. அதை வரைந்தவர்களும் கணினியில் இயங்கச் செய்தவர்களும் உழைத்திருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் கணினி வேலை செய்து பிழைப்போர் நம் வீடுகளிலும் உண்டு. அவர்களுக்குக் கூலி சேரவேண்டும். இவ்விளையாட்டுகளில் பல இலவசமாகவே கிடைக்கின்றன. இப்படி விற்று வரும் பணமே அவற்றின் முக்கிய வருமானம். ஆகவே விலை கேட்பது குற்றமல்ல. கேட்கும் விதத்தையே கவனிக்கவேண்டும்.

கேள்வி: விலை எப்போது அநியாயமாகும்?

விடை: 13-ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதை ஆராய்ந்து இரண்டு காரியங்களைத் தெளிவாக்கினார். ஒன்று, பொருளைக் கொடுப்பதால் விற்பவனுக்கு நஷ்டமில்லாதபோது, வாங்குபவனுடைய தேவையின் கடுமையைக் கண்டு விலையை ஏற்றலாகாது. அந்தத் தேவை விற்பவனுடைய சொத்தல்ல. மற்றொன்று, வாங்குபவனுக்கு நஷ்டம் உண்டாக்கக்கூடிய மறைவான குறையை விற்பவன் சொல்லியாகவேண்டும்.

நம் திருவான்மியூரில் மீன்காரம்மா கூறு போட்டு வைக்கிறார். நீங்கள் செவுளைத் தூக்கிப் பார்க்கிறீர்கள், பேரம் பேசுகிறீர்கள், ரூபாயை எண்ணிக் கொடுக்கிறீர்கள். விளையாட்டுக் கடையிலோ பல சமயம் நடப்பது வேறு.

முதலாவது, ரூபாய் கண்ணுக்கு மறைகிறது. 60 நாணயம் கொண்ட பொட்டலம் 80 ரூபாய், உடுப்பின் விலை 100 நாணயம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பொட்டலம் வாங்கியாகவேண்டும். 160 ரூபாய் போய்விடும், 20 நாணயம் மிஞ்சும். அந்த மிச்சமே அடுத்த பொட்டலத்துக்குத் தூண்டில்.

இரண்டாவது, மூடிய பெட்டி. 20 ரூபாய் கொடுத்துத் திறந்தால், நூற்றில் ஒரு முறை விரும்பிய உடுப்பு வரும் என்போம். நூறு பெட்டி திறந்தால் நிச்சயம் கிடைக்கும் என்று பிள்ளை நம்புகிறது. கணக்கு அப்படியன்று. 100 பிள்ளைகள் ஆளுக்கு 2,000 ரூபாய் செலவழித்து 100 பெட்டி திறந்தாலும், ஏறக்குறைய 37 பேருக்கு அந்த உடுப்பு கிடைக்காது.

மூன்றாவது, "இன்னும் பத்தே நிமிடம்" என்று ஓடும் கடிகாரம். பிள்ளையின் தவிப்பே இங்கே விலையாகிறது.

கேள்வி: அரசாங்கங்கள் இதைக் கண்டனவா?

விடை: கண்டன. பெட்டியில் எது எத்தனைக்கு ஒன்று வரும் என்று வெளியிடும்படி சீனாவில் 2017-ல் விதி அமலுக்கு வந்தது. பெல்ஜியம் 2018-ல் சில விளையாட்டுகளின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்த்தது. ஃபோர்ட்நைட் விளையாட்டின் உரிமையாளரான எபிக் கேம்ஸ், ஆடுவோரை ஏமாற்றி வாங்கச்செய்த குற்றச்சாட்டின்பேரில் 24.5 கோடி டாலர் கொடுக்க 2022-ல் அமெரிக்காவில் இணங்கியது. நம் நாட்டில் 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள், பொய்யான அவசரம் காட்டுவதையும் முழு விலையை முதலில் மறைப்பதையும் தடுக்கின்றன. தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டுச் சட்டமும் மத்திய அரசின் 2025-ம் ஆண்டுச் சட்டமும் முக்கியமாகக் குறிவைப்பது பணம் கட்டிப் பணம் வெல்லப் பார்க்கும் ஆட்டங்களையே. ஆகையால், பொம்மை உடுப்பு விஷயத்தில் காவல் பெரும்பாலும் பெற்றோர் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: பணம் போனபின் செய்யவேண்டியது என்ன?

விடை: தாமதியாமல், எந்தக் கைப்பேசிக் கடையின் வழியாக வாங்கப்பட்டதோ அங்கே, வாங்கியது சிறுவன் என்று எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் முறையிடலாம்.

அந்தத் தாயாருக்கு இதைச் சொன்னதோடு இன்னும் இரண்டு சொன்னேன். பையன் எடுத்ததை ஈடுசெய்யவேண்டும். தன் கைச்செலவுக் காசில் மாதம் 50 ரூபாயாவது அம்மா கையில் கொடுக்கட்டும். ஆனால் "திருடன்" என்ற சொல் அந்த வீட்டில் இனி ஒலிக்கலாகாது. முதல் 50 ரூபாயை அவன் கொடுத்துவிட்டதாகச் சென்ற ஞாயிறு அறிந்தேன்.

இவ்வாரப் பயிற்சி: பெற்றோரே, வாங்குமுன் ரகசிய எண் கேட்கும்படி கைப்பேசியை அமைத்து, அந்த எண்ணை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளையோடு அமர்ந்து, அவன் விரும்பும் உடுப்பின் விலையை ரூபாயில் கணக்கிட்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதியபின்னும் அது தகும் என்று இருவருக்கும் தோன்றினால், வாங்கிக்கொடுப்பதில் தவறில்லை.